யார் சொன்னது?

போன சனிக்கிழமை எங்கள் கீழ்க்கட்டளை வீட்டுக்கு ஷீபா வந்தாள். பக்கத்துத் தெருப் பெண். தாம்பரத்தில் பி.ஏ. இங்கிலீஷ், கடைசி வருஷம். கையில் ப்ராஜெக்ட் பேப்பர். முகம் அழுது வீங்கியிருந்தது.

ஒரு ஆங்கில நாவலைப் பற்றி எழுதியிருந்தாள். துரோகம் செய்த கணவனோடு கடைசிவரை வாழ்கிற ஒருத்தியின் கதை. 'அவள் அவனை மன்னிக்கவில்லை. போக வேறு இடமில்லை, அதனால் இருந்தாள்' என்பது ஷீபாவின் கட்சி. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வரிக்குப் பக்கத்தில் காலேஜ் மேடத்தின் சிவப்பு மையில் 'யார் சொன்னது?' ஒரு பக்கம் விடாமல் அதே கேள்வி.

"'நான்தான் மேடம் சொல்றேன்'னேன், அக்கா. 'நீ சொன்னா ஆச்சா? பெரிய கிரிட்டிக் யாராவது சொல்லியிருக்காங்களா பாரு'ன்னுட்டாங்க. திங்கக்கிழமை கையெழுத்து வாங்கலைன்னா ஒரு வருஷம் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷப் பேப்பருக்கு டைப்பிங் சென்டரில் புது அட்டை போட்டு நீட்டுகிறவர்களுக்கு உடனே கையெழுத்து. அதில்தான் மேற்கோளாகக் கொட்டிக் கிடக்கிறதே... சொந்தமாக யோசித்தவளுக்குத் தண்டனையா? அப்புறம் எதற்கு அதற்கு ரிசர்ச் என்று பெயர்?

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். கையெழுத்து ஆகிவிட்டது. எப்படி?

அவள் அப்பா ஆல்பிரட் டேனியல், போஸ்ட் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவரை உட்காரவைத்துப் பேப்பரைப் படித்துக் காட்டியிருக்கிறாள். "சரியாத்தாம்மா எழுதியிருக்கே" என்றாராம். "அதையே இங்கிலீஷ்ல ஒருதரம் சொல்லுங்கப்பா." சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் டைப்பிங் சென்டருக்கு ஓடி, பக்கத்துக்குப் பக்கம் சேர்த்துவிட்டாள் — 'ஆல்பிரட் டேனியல் கூறுவதுபோல...'

மேடம் அவரை நேராக லண்டனில் குடிவைத்துவிட்டார். "இப்பதாம்மா இது ரிசர்ச். இவர் புக் நம்ம லைப்ரரில இருக்கா?"

"இல்ல மேடம். அவர் பேசறதோட சரி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஷீபா சிரிக்கவில்லை.

"யோசிச்சது நான், அக்கா. என் பேர் அட்டையில மட்டும்தான் இருக்கு."

அந்த மேடத்தை நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட இருந்தது. "விடும்மா, வருஷம் தப்பிச்சதே" என்று மட்டும் சொன்னேன்.

"நான் தப்பிச்சேன். என் க்ளாஸ் மல்லிகாவும் சொந்தமாத்தான் எழுதினா. அவளுக்கும் இந்த ஐடியாவைச் சொன்னேன். அவளும் அவங்க அப்பா பேரைப் போட்டுத்தான் கொடுத்தா. மேடம் கையெழுத்தே போடல."

"ஏனாம்?"

"அவங்க அப்பா பேரு முனுசாமி, அக்கா."