நீராவி இறங்கிய தொட்டி

அட்டன் நகரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நானும் அண்ணியும் வேலை செய்தோம். படுக்கை விரிப்புகளை ஊறவைக்கும் பெரிய தொட்டிக்குள் பாய்லரிலிருந்து ஒரு குழாய் இறங்கும். வால்வைத் திறந்தால் நீராவி நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்து அதைச் சூடாக்கும். தண்ணீர் சில்லென்று இருக்கும் காலையில், சுத்தியலால் அடிப்பதுபோல் குழாய் அதிரும். சூடு ஏற ஏறச் சத்தம் அடங்கிவிடும்.

போன மார்கழியில் குழாயின் நுனியிலிருந்த துளை போட்ட மூடி அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றிய மேனேஜர், புதியது வரும்வரை திறந்த குழாயிலேயே வேலை நடக்கட்டும் என்றார். மறுநாள் நல்ல பனி. அண்ணி வால்வைத் திறந்தார். இடி விழுந்ததுபோல் ஓர் அடி. குழாயைப் பிடித்திருந்த கொக்கி உடைந்து, குழாய் தண்ணீரை விட்டு எகிறியது. நீராவி அவருடைய வலது கையில் அடித்தது.

அவர் கத்தவில்லை. "வால்வ மூடு, வால்வ மூடு" என்றுதான் சொன்னார். மூடிவிட்டு, அவர் கையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு த்ரீவீலில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மேனேஜர் வார்டுக்கு வந்து, "வேகமா தொறந்திருப்பீங்க" என்றார். அண்ணனும் அதை நம்பினார்.

"நிதானமா தொறந்திருக்கலாம்ல? இனிமே அங்க போக வேணாம். தோட்டத்துல தேயிலைக் கொழுந்து எடுத்தாவது பொழைச்சுக்கலாம்."

"இந்தக் கையாலயா?" என்றார் அண்ணி.

அண்ணி வீடு திரும்பினார். ஒரு நாள் பாய்லர் வேலை பார்க்கிற, நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக், தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"பாஸ், அது ஏன் அப்படி அடிச்சிச்சு?"

"பச்சத் தண்ணிக்குள்ள போன ஆவி ஒடனே தண்ணியாயிடும்மா. ஆவி இருந்த எடம் சட்டுன்னு காலியாகுது. சுத்தியிருக்கிற தண்ணி அந்த எடத்துக்குப் பாஞ்சு வந்து மோதுது. சின்ன ஓட்டை வழியா போனா சின்னச் சின்ன அடியா போயிடும். தொறந்த குழாயில பெரிய குமிழியா போயி ஒரேயடியா அமுங்கும். தண்ணி சூடாயிட்டா ஆவி அவ்வளவு வேகமா தண்ணியாகாது. அதான் சத்தம் கொறையுது."

அண்ணி கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப நான் தொறந்ததுல தப்பில்லையா?"

"மூடி இல்லாம யார் தொறந்தாலும் அடிச்சிருக்கும்மா. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அப்போதுதான் அண்ணி அழுதார். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதுகூட அழாதவர். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த அண்ணன் கோடரியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இப்போது தொட்டியில் புது மூடி இருக்கிறது. வால்வை நான்தான் திறக்கிறேன். அண்ணியின் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. துணி மடிக்கும் அறையில் இடது கையால் வேலை செய்கிறார். சாயங்காலம் பஸ்சில் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல மடக்கிப் பார்ப்பார்.