நான் ஏறாத வண்டி

வண்டியை விற்பது என்று முடிவானது ஒரு திங்கட்கிழமை காலை. அன்றைக்குத்தான் என் கணவர் அதற்குள் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்தே என் செல்போனுக்கு அழைத்தார். நான் பத்தடி தள்ளிச் சமையலறையில் இருந்தேன். போய்ப் பார்த்தால், தரையோடு தரையாக இருக்கும் அந்த வண்டிக்குள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதுகில் டிஸ்க் நகர்ந்து ஒரு வருடமாகிறது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார், வண்டி விஷயத்தைத் தவிர. அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே எடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "போதும்மா, வித்துடலாம்" என்றார்.

பதினோரு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளே போய் மறுபடி காபி போட்டேன்.

அது கடையில் வாங்கிய வண்டி இல்லை. கலிஃபோர்னியாவின் பிளசன்டனுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாம் வருடம், ஒரு பெரிய லாரி எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் திணறி, மரப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. ஒரு இரும்புச் சட்டம், ஃபைபரில் வார்த்த உடம்பு, சக்கரங்கள், ஸ்டியரிங், எண்ணி முடியாத நட்டு போல்ட்டுகள். எல்லாவற்றையும் வீட்டிலேயே கோத்து முடுக்கினால், கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வருமாம். கிட் கார் என்று பெயர். இன்ஜினை மட்டும், விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து கராஜ் எனக்கு அந்நிய தேசமாகிவிட்டது. அரிசி மூட்டை, ஃப்ரீசர், கிரைண்டர் எல்லாம் சுவரோரம் ஒண்டிக்கொண்டன. இட்லிக்கு அரைக்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸைத் தாண்டிப் போக வேண்டும். ஒருநாள் என் பழைய அஞ்சறைப்பெட்டியைக் காணோமென்று தேடிப் போனால், கடுகுக் கிண்ணத்தில் வாஷர், மிளகுக் கிண்ணத்தில் ஸ்க்ரூ. வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். என் தோழிகளும் போனில் "சக்களத்தி எப்படி இருக்கா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டியைக் கோத்து முடிக்க ஆன இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நன்றாக இருந்தன. "கொஞ்சம் டார்ச் பிடியேன்" என்று கூப்பிடுவார். நான் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடிப்பேன். வண்டிக்கடியிலிருந்து அவர் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களோடுதான் நான் அவ்வளவு பேசியிருக்கிறேன். கிரீன் கார்டு கவலை, மகளின் பள்ளிக்கூடம், ஊரில் நடந்த கல்யாணம், எல்லாம். பத்து எம்எம் ஸ்பேனர் எது, பன்னிரண்டு எது என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். முகம் பார்த்துப் பேசினால் ஆபீஸ் ஞாபகத்தில் இருக்கும் மனுஷன், அடியில் படுத்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

வண்டி முதன்முதலாக ஓடிய நாள் ஒரு ஞாயிறு. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். தலைமுடி கலையாமலிருக்கப் புதிதாக ஒரு ஸ்கார்ஃப்கூட வாங்கி வைத்திருந்தேன். அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள், எதிர்வீட்டு வெள்ளைக்கார அங்கிளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு "இதோ வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டார். அந்த அங்கிள் ரிட்டயரானவர், இன்ஜினைத் தூக்கி வைக்க உதவியவர், நல்ல மனுஷர்தான். அதற்காக? பழங்கள் நசுங்கிக் கிடந்த வாசல் டிரைவ்வேயில் முக்கால் மணி நேரம் தட்டோடு நின்றேன். திரும்பி வந்தவரிடம், "இனிமே நான் இதுல ஏறினா ஏன்னு கேளுங்க" என்று சொல்லி, ஆரத்தியை ரோஜாச்செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஏறவில்லை. பதினோரு வருடம் ஏறவில்லை. மகள் ஏறினாள், மகளின் சிநேகிதிகள் ஏறினார்கள், தீபாவளிக்கு வந்த பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு ரவுண்டு போனார்கள். "நீயும் வாயேன்" என்பார். "முடி கலைஞ்சிடும்" என்பேன். முடி இல்லை விஷயம் என்பது இருவருக்கும் தெரியும். வீம்பு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் இறங்கி வருவதற்குப் படி இருக்காது.

இந்தக் கதையில் அந்தத் தாம்பாளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால், சான்டா கிளாராவில் இருக்கும் என் தோழி தன் மருமகளின் வளைகாப்புக்குச் சீர்த்தட்டுகள் கேட்டாள். அம்மாவின் தாம்பாளத்தையும் சேர்த்து ஏழு தட்டுக் கொடுத்தேன். விசேஷங்களில் பாத்திரம் மாறிப் போகும் என்றுதான் நம் ஊரில் அடியில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். என்னுடையதிலும் புள்ளி புள்ளியாக என் பெயர் இருக்கும். அவள் பையில் கட்டித் திருப்பிக் கொடுத்தாள். பை ஒரு வாரம் கராஜிலேயே கிடந்தது. பிரித்து எண்ணினால் ஆறுதான் இருக்கிறது. அம்மாவின் தாம்பாளத்தைக் காணோம். "நான் எண்ணித்தான் குடுத்தேன்" என்றாள் அவள். "எண்ணத் தெரிஞ்சா சரி" என்றேன் நான். அதற்குப் பிறகு போகவர இருந்தோமே தவிர, பழைய பேச்சு இல்லை. அவளுக்கு ஒரு கரண்டிகூட நான் கடன் கொடுத்ததில்லை.

ஃப்ரெஸ்னோ பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வண்டியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை முழுக்க என் கணவர் என் பின்னாலேயே சுற்றினார்.

"போறதுக்குள்ள ஒரு தடவை உட்காரேன். தெருமுனை வரைக்கும் போதும்."

"அந்த அங்கிளையே கூப்பிடுங்க."

"அவர் ஓரிகனுக்குக் குடிபோய் நாலு வருஷம் ஆச்சும்மா. சரி, ரவுண்டுகூட வேணாம். சும்மா கதவைத் திறந்து உள்ள ஒரு தடவை பாரு."

"இத்தனை வருஷம் பார்க்காததை இப்ப என்ன பார்க்கிறது?"

டெக்சஸிலிருந்து மகளும் போன் செய்தாள். "மா, இட்ஸ் ஜஸ்ட் எ ரைடு" என்றாள். நாளைக்கு இந்த நேரம் வண்டி இருக்காது, அப்புறம் நான் நினைத்தாலும் முடியாது என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

காலையில் வண்டி ஏற்றும் டிரெய்லரோடு வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். வாங்க வந்தவர் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தம்மா யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நானாக விட்டுக்கொடுத்த இடம்தான், இருந்தும் எனக்குப் பிடிக்கவில்லை.

கால் வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்தவள், இங்கே ஏதோ எழுதியிருக்கிறதே, உங்கள் மொழியா, அழகாக இருக்கிறதே என்றாள். என் கணவர் திடீரென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் போய் முட்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

என் தாம்பாளம். விளிம்பை வெட்டியெடுத்து, இன்ஜின் பக்கத்துச் சுவரில் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தது. அடிப்பக்கம் வெளியே தெரிய, உட்காருகிறவர் குனிந்தால் கண்ணில் படும்படி புள்ளி புள்ளியாக என் பெயர்.

"என்னங்க இது?"

"சைலன்சர் மாத்தினப்போ அந்தப் பக்கம் சூடு தாங்கல. பாப்பாவோட செருப்புகூட உருகிடுச்சு, ஞாபகம் இருக்கா? ஸ்டெயின்லெஸ் தகடு ஒண்ணு தேவைப்பட்டுச்சு. பையில இது இருந்துச்சு. சைஸ் சரியா இருந்துச்சு."

"அம்மா குடுத்த தட்டு!"

"வெட்டினதுக்கு அப்புறம்தான் பேரையே பார்த்தேன். பயந்துட்டேன். சரி, பேர் தெரியற மாதிரி மாட்டுவோம், என்னிக்காவது நீ உட்காரும்போது பார்ப்ப, சிரிப்பன்னு நினைச்சேன்."

மகள் அந்த எழுத்துகளைக் கம்பெனிக்காரனின் டிசைன் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்கும் ஏறிய மற்றப் பிள்ளைகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவள் ஏறவில்லை.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, எழுந்து இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் துப்பட்டாவைத் தலையில் சுற்றி முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கி ஸ்டியரிங்குக்குப் பின்னால் அமர்ந்தார்.

தெருமுனையோடு அவர் நிறுத்தவில்லை. குன்றுப் பக்கம் போகும் சாலையில் திருப்பினார். காதை அடைக்கும் சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அன்னிக்கு ஏன் அந்த அங்கிளை முதல்ல கூட்டிட்டுப் போனீங்க?"

"பிரேக் பிடிக்குமான்னு எனக்கே தெரியாது. அதுல உன்னை எப்படி ஏத்துவேன்?"

"அப்ப அவருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லையா?"

"அவர்தானே பிரேக் மாட்டினாரு!"

"இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட?"

சிரித்தேன். பிறகு அழுதேன். காற்று என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், அழுதேன். காலைத் தாம்பாளத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை நான் கோட்டை விட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் வாங்க வந்தவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தோம். நின்று மூச்சு வாங்கியவுடன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

"கழட்டித் தந்துடறேன்மா."

"வேணாம். அந்தம்மாவுக்குக் கால் சுடும்."

அது என் பெயர் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் தப்பாகச் சொன்னாள். டிரெய்லர் திரும்பி மறையும் வரை நாங்கள் டிரைவ்வேயில் நின்றோம். அவர் என் தோளில் கை வைத்திருந்தார்.

உள்ளே வந்து சான்டா கிளாராத் தோழிக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தாம்பாளம் கிடைச்சிடுச்சுடி" என்றேன்.

அவள் கேட்டாள்: "அப்பாடா. கார்ல ஏறிட்டியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாம சண்டை போட்ட அடுத்த வாரமே உன் வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. அவ ஏறினா தானா தெரிஞ்சிடும், ஒரு மாசம் பொறுத்துக்கோங்கன்னாரு. எட்டு வருஷம் ஆகும்னு யாருடி கண்டா?"

மன்னிச்சுடு என்றேன். அடுத்த சனிக்கிழமை சாப்பிட வா என்றேன்.

"வர்றேன். ஆனா பாத்திரம் எதுவும் வாங்கிட்டும் போக மாட்டேன், கொண்டுட்டும் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.