குடிகார வக்கீலும் பூப்பொட்டலமும்

எங்கள் பக்கம் டிவியில் படம் தெரிய ஆரம்பித்த புதிதில், வாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் ஒரு வக்கீல் நாடகம் போடுவார்கள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் முதலாளி வீட்டில் மட்டும்தான் டிவி இருந்தது. மரவள்ளிக்கிழங்கு மாவின் புளித்த வாடை எங்கள் சேலையில் ஏறிக் கிடக்கும் என்பதால் முதலாளியம்மா எங்களை உள்ளே கூப்பிடமாட்டார். அதற்காக விரட்டவும் மாட்டார். ஜன்னலைத் திறந்து, டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்த எங்களுக்குப் படம் நேராகத் தெரியும். வீட்டுக்காரர்கள்தான் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பார்கள்.

அந்த வக்கீல் குழந்தைகள் வழக்கை மட்டும் எடுப்பவன். திருட்டுப்பட்டம் கட்டப்பட்ட பையன், வீட்டை விட்டு ஓடிவந்த பெண்பிள்ளை என்று வாரம் ஒரு பிள்ளை வரும். ஆனால் ஆள் குடிப்பான். கோர்ட்டுக்கு நேரத்துக்கு வரமாட்டான். வந்தாலும் கேஸ் கட்டை எங்கேயாவது மறந்துவிட்டு வருவான். அவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டாள்.

என்னோடு கிழங்குத் தோல் உரிக்கிற அக்காவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. “ஏனுங்க, இவனுக்கெல்லாம் கருப்புக்கோட்டு எதுக்குங்க? சாராயக்கடையிலயே கோர்ட்டு வெச்சரலாமுங்க.”

“சும்மா இருங்கடி, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது” என்று உள்ளேயிருந்து முதலாளியம்மா சத்தம் போடுவார்.

“கேட்டு என்னங்க பண்றது? எப்படியும் வாய்தா வாங்கப் போறான்.”

சாக்கு முழுக்கச் சிரிக்கும். எனக்கு மட்டும் அவனைப் பிடித்திருந்தது. கோர்ட்டுக்குள் நுழையுமுன் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பான். பையைத் தொட்டுப் பார்ப்பான், திரும்பிப் போகலாமா என்று வாசலைப் பார்ப்பான். படித்தவனுக்கும் இப்படிப் பயம் இருக்குமா என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். பிள்ளைகளிடம் பேசும்போது தரையில் உட்கார்ந்துவிடுவான்.

அந்த வருசம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட்டுக்குப் போகாத வழக்கு. என் வீட்டுக்காரர் போர்க்கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வெளியூர் போன இடத்தில் விபத்தில் தவறிப்போனார். மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை. அவளோடு என் அண்ணன் வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு. மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. “பாப்பாவ எங்ககிட்ட உடு சாமி. நல்ல பள்ளிக்கூடமாப் பாத்துச் சேத்தறோம்” என்று அவர் சம்சாரம் வரும்போதெல்லாம் சொல்வார்.

கெட்டவர்களாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். நல்லவர்கள். அதுதான் என்னைத் தின்றது. நான் ஆறாவதோடு நின்றவள். என்கூட வைத்துக்கொண்டால் இவளும் கிழங்குத் தொட்டிக்குத்தான் வருவாளோ? அனுப்பினால், காய்ச்சல் வந்தால் தண்ணி வேணும் என்று யாரிடம் கேட்பாள், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு படுத்தே கிடப்பாளோ? கொடியில் அவள் பாவாடையைக் காயப்போடும்போதுகூட இதே நினைப்பு. அண்ணனைக் கேட்டால், “உம்பட இஷ்டம்” என்பார். இஷ்டம் என்று ஒன்று எனக்கு இருப்பதே அப்போது பயமாக இருந்தது.

கடைசியில் மாமாதான், “அம்மங்கோயில்ல பூக்கேட்டரலாம்” என்றார். எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்க முடியாத எதற்கும் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை இன்னொன்றிலுமாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். சூதுவாது தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் பாப்பா என்னோடு, சிவப்பு வந்தால் சேலம் என்று பேச்சு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மன் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லையே.

கோயிலுக்குப் போவதற்கு முந்தின வாரம் வக்கீல் நாடகத்தில், ஒரு பையனுக்காகத் தாயும் பாட்டனும் வழக்காடினார்கள். நம் வக்கீல் தாய்ப் பக்கம். “நீ யார்கூடப் போற?” என்று பையனையே கேட்டுவிடலாம் என்றார் ஜட்ஜ். தாயைத்தான் சொல்வான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஜெயித்த வழக்கு. இந்தக் குடிகாரன் தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்று, அவனைக் கேட்காதீர்கள் என்றான். இன்றைக்கு ஒருத்தர் பெயரைச் சொன்னால், வேண்டாமென்று விட்டவர் முகத்தை ஆயுசுக்கும் அவன்தானே பார்க்கணும், பெரியவர்கள் தூக்கமுடியாததை அவன் தலையில் வைக்காதீர்கள் என்றான். ஜட்ஜ் உட்காரச் சொல்லி அதட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

“போச்சு! ஜெயிக்கற கேசக் கெடுத்துப்போட்டான் பாவி” என்று இருட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் யாரோ பெரிய தலைவர் காலமாகி, நாடகத்துக்குப் பதில் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதையும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். தீர்ப்பு என்னவென்று தெரியாமலே நான் கோயிலுக்குப் போனேன்.

வாரநாள் என்பதால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். பூசாரி பொட்டலங்களைப் போட்டுவிட்டுச் சுற்றும் பார்த்தார். மாமா, அவர் சம்சாரம், என் அண்ணன், நான், என் இடுப்பில் மகள்.

“இந்தப் பாப்பாவே எடுக்கட்டுமே. கொழந்த கொழந்ததானே” என்றார் பூசாரி.

யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. மகள் என் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கியே விட்டாள். நாளைக்கு வளர்ந்து, அந்தப் பொட்டலத்தை நான்தானே எடுத்தேன் என்று இவள் நினைத்துக்கொண்டால்? அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

“இவ வேண்டாங்க.”

மாமா, “அதுஞ்செரி, வேற கொழந்தயக் கூட்டியாந்தாப் போச்சு” என்றார்.

அவருக்கு எதிரில் நின்று நான் பேசியதே கிடையாது. எது சொல்வதானாலும் அவர் சம்சாரத்திடம்தான் சொல்வேன். அன்றைக்கு அவரைப் பார்த்தே சொன்னேன். “எந்தக் கொழந்தயும் எடுக்க வேண்டாங்க மாமா. நாம பெரியவங்க இத்தன பேரு இருக்கறமே.”

“அப்ப யாரு சொல்றது?”

இப்போது வாயைத் திறந்தால், பின்னால் வருகிற நல்லது கெட்டது எல்லாம் என் தலையில்தான். “நாந்தான் சொல்லோணும். பாப்பா எங்கூட இருக்கட்டுங்க.”

அண்ணன் தரையைப் பார்த்தார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார். அவர் சம்சாரம்தான் முதலில் பேசினார். “இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? நாங்க என்ன, கூடையில போட்டு எடுத்துட்டா ஓடீருவோம்?” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மகளோ பொட்டலத்தை எடுக்க விடவில்லை என்று கோயில் அதிர வீறிட்டாள். பூசாரி கொடுத்த வாழைப்பழத்தை வீசி எறிந்தாள். “எனக்குப் பூ எடுக்கோணும்! எடுக்கோணும்!”

“வா கண்ணு, பெரீம்மாகிட்ட வா. உங்கம்மா ரொம்பப் பொல்லாதவ” என்று மாமாவின் சம்சாரம் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர்தான் சுமந்துகொண்டு நடந்தார். பாதி வழியில் நான் கைநீட்டினேன். “இரு, பஸ் வரட்டும்” என்றார். பஸ் வந்தது. அவளை என் கையில் கொடுத்துவிட்டு மாமாவோடு ஏறியவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “பொங்கலுக்குக் கூட்டியா. நீயும் வரோணும், ஆமா” என்றார்.

“வாரேனுங்க” என்றேன். மகள் என் தோளில் இன்னும் விக்கிக்கொண்டிருந்தாள்.