களிம்பு என்று நினைத்த நீலம்

பழைய நகை விற்கும் கடையில் வேலை செய்பவனுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கைக்குச் சும்மா இருக்கவும் தெரியவேண்டும். எழுபதுகளின் நடுவில், சிட்னியில் ஒரு சீன அம்மாவின் கடையில் இதைக் கற்றேன். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்த அன்பர்களே, இது உங்களுக்கான கதை. கடையில் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார்கள்.

தெரியும் என்றேன்

ஊரில் நான் பூகோள வாத்தியார். சிட்னியில் எனக்காக எந்தப் பள்ளிக்கூடமும் காத்திருக்கவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒற்றை அறை, நானும் மனைவியும். ஏறி இறங்கிய கடைகளில் ஐந்தாவது இது. முதலாளியம்மா சிட்னியிலேயே பிறந்த சீனப் பெண்மணி. இலங்கை என்றதும் நிமிர்ந்து, கல்லைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பவளம் என் மனைவி; அவள் பெயர் அது. இருந்தும் தெரியும் என்றேன். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்றார்.

"இலங்கை ஆளுக்குக் கல்லைப் பற்றி நான் என்னத்தைச் சொல்லித் தாறது!"

வளைந்து கொடுத்த தங்கம்

ஒரு நாள் உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு காப்பைக் கையில் எடுத்தார். சிவப்பும் நீலமுமாகக் கற்கள், ஒன்றுக்கும் ஒழுங்கான உருவம் இல்லை. ஏன் பட்டை தீட்டவில்லை என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். அறிந்தவன்போல மீசையைத் தடவினேன். முதலாளியம்மா விளக்கினார்: அந்தக் காலத்துச் சீனத் தட்டார் கல்லை வெட்டிச் சிறிதாக்க மனம் வராமல், மெருகு மட்டும் ஏற்றி, அதன் கோணலுக்கு ஏற்றபடி தங்கத்தை வளைத்தார்களாம். நான் பிறகு அந்தக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தனிக் கூடு. அந்தத் தட்டாரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

கற்கள் எங்கிருந்து வந்தவை என்று வெள்ளைக்காரர் கேட்க, பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலில் சீனாவுக்குப் போனவை என்றார் முதலாளியம்மா. வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உம்மட ஊர்க்கல்லுகள் உமக்கு முன்னமே இஞ்ச வந்து வேலை பாக்குதுகள்!"

பவளம் பார்த்தாள்

மூன்றாவது மாதம் மிஸஸ் லீ என்ற அம்மா ஒரு தங்கக் கொண்டையூசியைக் கொண்டுவந்தார். ஆடிக்கொண்டிருந்த ஒரு சிவப்புக்கல்லை இறுக்கித் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்குக் கல்யாணம், அதைத்தான் தலையில் வைக்கப்போகிறாள். முதலாளியம்மா கல்லை இறுக்கி முடித்த அன்று, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த பவளம் அதைப் பார்த்துவிட்டாள். பூவும் இலையும் வண்ணத்துப்பூச்சியுமாக, மூச்சு விட்டாலே நடுங்கும் தங்கக் கம்பி வேலை. இதழ்களில் மட்டும் மங்கலாக ஒரு நீலம்.

"இஞ்சருங்கோ, என்ன வடிவான வேலை! ஆனாச் செம்பைக் கூடக் கலந்துபோட்டினம், களிம்பு பிடிச்சிருக்கு. பூவந்திக் கொட்டை போட்டுக் கழுவினாக் கல்யாணத்துக்குப் பளிச்செண்டு இருக்கும்."

கழுவினேன்

பவளம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பூவந்திக் கொட்டை இருந்தது. அடுத்த நாள் முதலாளியம்மா வெளியே போன நேரம் அதை ஊறவைத்து, நுரை எழுப்பி, மெல்லிய தூரிகையால் ஒரு இதழைத் தேய்த்தேன். நம் வீட்டு அட்டியலை அப்படித்தானே கழுவுவோம்? நீலம் கழன்று நுரையில் மிதந்தது. களிம்பு மிதக்காது என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்த முதலாளியம்மா கிண்ணத்தைப் பார்த்து அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன்.

"அது மீன்கொத்தியின்ர இறகு. நூல் நூலா வெட்டி ஒட்டினது. நாளைக்கு மிஸஸ் லீயிட்ட நீர்தான் சொல்லவேணும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

சனிக்கிழமை

சொன்னேன். மிஸஸ் லீ ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, வெறுமையாகிப்போன இதழை விரலால் தொட்டார். இனி எந்தத் தெருவில் வேலை தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஊசியைத் திருப்பி, பின்பக்கத்து இலை ஒன்றைக் காட்டினார். அதிலும் நீலம் இல்லை. தன் கல்யாணம் முடிந்த கிழமை, மாமியாரின் மெச்சுதலுக்காக அவரே சவுக்காரம் போட்டுக் கழுவினாராம். அந்த இலையை மாமியார் கடைசிவரை கவனிக்கவில்லையாம். சிரித்தபடி ஊசியைப் பட்டுத்துணியில் சுற்றினார். முதலாளியம்மாவும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

"முப்பது வருசமா என்ர இலை தனிச்சுப்போய் இருந்தது, தம்பி. இப்ப துணைக்கு உம்மட இதழும் வந்திட்டுது."

இலங்கை ஆளுக்குக் கல்லைத் தெரியும் என்று நம்பி வேலை தந்த அந்தக் கடையில் பிறகு பல வருடம் இருந்தேன், ஆனால் அங்கே நான் முதன்முதலில் உருப்படியாகத் தெரிந்துகொண்டது இறகைத்தான்.