எங்கள் ஊர்க் கோல்கீப்பர்

கிங்ஸ்பரி மைதானத்திலிருந்து பஸ் தரிப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் எங்கள் கோல்கீப்பர் கிழவனின் ஜேர்சி. ஊர்ச்சங்கத்துச் சட்டை, கழற்றி வாங்கு என்று முதலாளி அண்ணை சொன்னார். வாங்கினேன். கிழவன் பனியனோடு மழையில் நின்றான்.

அவன் யூகோஸ்லாவியாக்காரன். இளமையில் அந்த நாட்டு அணியின் மூன்றாவது கோல்கீப்பர். பெரிய போட்டியொன்றுக்குப் போய் இறங்கியபின், உங்கள் நாடு உடைந்து சண்டை நடக்கிறது என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய் ஒரு இனம், தகப்பன் வேறு. பிறகு வந்த புதிய நாடுகள் எதுவும் அவனை எடுக்கவில்லை. கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, அண்ணையின் கார் வாஷில் உள்ளே கதிரையில் இருந்து ரசீதுத் துண்டு எழுதினான். நான் வெளியே குளிரில் கார்ச் சில்லுத் தேய்த்தேன்.

இங்கே எங்கள் ஆட்களின் ஊர்ச்சங்கங்கள் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியில் வெளியாள் ஆடக்கூடாது. ஊரில் பெண் கட்டினவன் ஆடலாம். சங்கத் தலைவரான அண்ணைக்கு நல்ல கீப்பர் இல்லாமல் தோற்றுத் தோற்றுக் கடுப்பு.

“கிழவனை உன்ரை அக்காவின்ரை புருசன் எண்டு எழுதிவிடுறன்.”

அக்கா எங்கள் நாட்டுக் கடைசிச் சண்டையில் காணாமல் போனவள். ஓம் என்றேன். கிழவனிடம் அண்ணை ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றுதான்: பிடிபட்டால் வேலை இல்லை.

ஒரு கிழமையாக ஊர், கோயில், ஒழுங்கை எல்லாவற்றின் பெயரையும் அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தேன்.

அரையிறுதியில் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். எதிரணிக் கப்டன் ஓடிவந்தார்.

“என்ன, மாப்பிள்ளை நல்லா வெளிறிப்போனார்? சோறு போடேல்லையோ?”

கிழவன் ஊரைச் சொன்னான். கோயிலைச் சொன்னான். ஒழுங்கையையும் சொன்னான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“மனிசியின்ரை பேர்?”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கிழவன் என்னைப் பார்த்தான். கப்டனும் திரும்பினார்.

“டேய், இவர் உன்ரை அத்தானோ?”

ஒரு பெயரைச் சொன்னால் முடிந்திருக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவே அக்காவின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கார் வாஷில் உள்ளே கிழவன் இருந்த கதிரையிலும் எனக்குக் கண் இருந்தது. எது தடுத்தது என்று இன்றும் தெரியாது.

“இல்லை” என்றேன்.

எங்களைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அண்ணை கிழவனை எல்லோர் முன்னாலும் வேலையால் நிறுத்தினார். “உன்ரை நாட்டுக்கும் உதவேல்லை, என்ரை ஊருக்கும் உதவேல்லை.” நான் ஊரவன். எனக்கு ஏச்சு மட்டும். நான் பஸ்சில் இருக்கும்போது அண்ணை போன் எடுத்தார்.

“நாளைக்கு ஏழு மணிக்கு வா. உள்ளுக்கு ஆளில்லை.”

மறுநாள் கதிரை கிழவனுடைய உயரத்துக்கே இருந்தது. என் உயரத்துக்குப் பதித்துவிட்டு, முதல் காருக்குத் துண்டு எழுதினேன்.