தேயிலைச் செடிக்கடியில் உளவாளி

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் கேமரன்மலைத் தோட்டமொன்றில் வேலை செய்தேன். என்னிடம் இரண்டே புத்தகங்கள்: ஒன்று பழந்தமிழ்ப் பாட்டு, மற்றது வெள்ளைக்காரன் அச்சடித்த மலாயா சரித்திரம். சரித்திரம் பிடிபட்டால், போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைதான். அதன் பிய்ந்த அட்டைகளை மரவள்ளிப் பசையால் ஒட்டி, சாக்கில் சுற்றித் தேயிலைச் செடிக்கடியில் புதைத்தேன்.

மறுநாள் மண் கிளறிக் கிடந்தது. ஆழமாகப் புதைத்தேன், மறுபடியும் கிளறல். அந்தப் பக்கம் போய் வந்தவன் பக்கத்து வீட்டு அந்தோணி மட்டுமே. உளவாளி என்று தீர்ப்பெழுதி, பேச்சை நிறுத்தினேன். முந்திக்கொண்டு கங்காணியிடம் அவனைப் போட்டுக்கொடுக்கவும் கிளம்பிவிட்டேன்.

வழியில் அந்தோணியே மறித்து, சட்டைக்குள்ளிருந்து என் சரித்திரத்தை எடுத்தான். அட்டையைக் காணோம்.

"முள்ளம்பன்னிக்குக் கண்ணி வச்சேன்லா, உன் பொஸ்தகத்தைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. மரவள்ளியிலயா பசை காய்ச்சினே? நமக்கே அதாண்டா சோறு! அது சும்மா விடுமா?"

சாயங்காலம் அந்த முள்ளம்பன்னிக் கறியும் கொடுத்தனுப்பினான். வெட்கத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

அந்தத் தோட்டத்தில் காட்டிக்கொடுக்கக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான். இப்போதெல்லாம் யார்மேல் சந்தேகம் வந்தாலும், முதலில் குனிந்து மண்ணில் கிடக்கும் கால்தடத்தைப் பார்க்கிறேன்.