கேக் அட்டையில் செய்த விமானம்

அனிட்டாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கொடைக்கானல் ஏழுரோடு சந்திப்பிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருந்த ஒரு பேக்கரியில் பதினேழு வருடமாகக் கேக் செய்துகொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே அடுப்படிக்குள் நுழைந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். பிறந்தநாள் கேக், கல்யாணக் கேக், கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் என்று கை ஓயாத வேலை. அவள் செய்ததெல்லாம் நன்றாக இருந்தது என்று ஊர் சொன்னது. ஆனால் அவள் செய்த எதுவும் மறுநாள் காலைவரை இருந்ததில்லை.

2008 கிறிஸ்துமஸுக்குப் பெங்களூரிலிருந்து வந்த தம்பி ஆக்னல், திரும்பிப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டியை விட்டுவிட்டுப் போனான். அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார், அதில் மாட்டும் விசிறி, வாலைத் திருப்புவதற்கான இரண்டு குட்டி மோட்டார்கள், ஒரு பேட்டரி, நீளக் கம்பி வைத்த ரிமோட் எல்லாம் இருந்தன. விமானம் மட்டும் இல்லை. அதை எப்படிச் செய்வது என்று கோடு போட்ட நான்கு தாள்கள் இருந்தன.

"பெங்களூர்ல நாய் ஓடவே எடமில்லக்கா. ஒருக்காதான் பறக்க விட்டேன், மாடித் தண்ணித் தொட்டில மோதித் தூளாயிருச்சு. அட்டை ஒங்கிட்டதான் கெடக்கே, நீ செஞ்சு பாரு" என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அட்டை என்று அவன் சொன்னது ஃபோம் போர்டு. இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய நுரையை வைத்து ஒட்டிய வெள்ளை அட்டை அது. மூன்றடுக்குக் கல்யாணக் கேக்கில் ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே அதைத்தான் வட்டமாக வெட்டி வைப்பாள். பிளேடை ஒரே இழுப்பில் பிசிறில்லாமல் கொண்டுபோகும் கை அவளுக்கு.

ஜனவரியில் கூட்டம் குறைந்ததும் ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் தாள்களை விரித்தாள். மேல் தாளையும் நுரையையும் மட்டும் கீறி, அடித்தாளை விட்டுவிட்டால் அட்டை கதவு மாதிரி மடிந்தது. அப்படியே மடித்து மடித்து உடம்புக்கு ஒரு நீளப் பெட்டி, மேலே வைக்க ஒரு இறக்கை, பின்னால் வால் என்று வந்தது. சூட்டுப் பசையைக் கேக்கின் மேல் கிரீம் போடுவது போலவே சீராக இழுத்து ஒட்டினாள். சுற்றுலா ஜீப் ஓட்டும் அவள் கணவன் அருள்மணி சவாரி முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இது பறக்குமா?"

"தெரியலங்க. பாக்க விமானம் மாதிரி இருக்குல்ல?"

"அதெல்லாம் இருக்கு" என்று சோற்றைப் பிசைந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து இருவரும் ஜீப்பில் வில்பட்டி வழியில் ஒரு மேட்டுப் புல்வெளிக்குப் போனார்கள். அருள்மணி விமானத்தைத் தலைக்குமேல் பிடித்து நேராகத் தள்ளிவிட்டான். அது மூக்கை வானத்துக்குத் தூக்கியது, ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு வால் முதலில் விழுந்தது. அனிட்டா இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தபோது வால் பக்கம் தொங்கியது. பேட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்தி ஒட்டினாள்.

அடுத்த ஞாயிறு நேராகப் போனது. ஆனால் மேலே ஏறவில்லை. முழுவேகம் கொடுத்தும் இடுப்புயரத்தில் இருபது முப்பது அடி போய்ப் புல்லில் வயிற்றை உரசி உட்கார்ந்தது. ஐந்து முறையும் அதே கதைதான்.

"கோழி பறக்குற மாதிரி இருக்கு" என்றான் அருள்மணி. அவள் முகத்தைப் பார்த்ததும், "நல்ல கோழிதான்" என்று சேர்த்துக்கொண்டான்.

ஆக்னலுக்குப் போன் செய்தாள். "அதே அளவுல செஞ்சுதானக்கா இங்க ஏறுச்சு. நீ எங்கயோ வெயிட்டக் கூட்டிட்ட" என்றான் அவன். பேக்கரித் தராசில் வைத்துப் பார்த்தாள். தாளில் போட்டிருந்ததைவிட ஐந்து கிராம் குறைவாகத்தான் இருந்தது. மூன்று நாட்கள் அதையே நினைத்து நினைத்து, ஒரு தட்டு பிஸ்கட்டைக்கூடக் கருகவிட்டாள்.

புதன்கிழமை காலை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சத்தியபிரியா அடுப்பிலிருந்து எடுத்த கேக் நடுவில் குழிந்துபோயிருந்தது.

"பாக்கெட்ல போட்டிருக்க அளவுதான்க்கா பேக்கிங் பவுடர் போட்டேன்" என்றாள் அந்தப் பெண், அழுதுவிடுவது போல.

"பாக்கெட்ல இருக்கது கீழ, சமவெளிக்கு எழுதுனது. மலைமேல காத்து லேசுல்ல, அதனால மாவு வெரசாப் பொங்கி அமுங்கிப் போகும். இங்க கொஞ்சம் கொறைச்சுத்தான்..."

அனிட்டா பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த நான்கு தாள்களும் சமவெளிக்கு எழுதியவை. பெங்களூருக்குக்கூட அவை போதும். ஏழாயிரம் அடிக்கு மேலே, இந்த லேசான காற்றில் அந்தச் சின்ன இறக்கை எதைப் பிடித்து ஏறும்?

அன்று மதியமே பழைய இறக்கையைக் கழற்றிப் போட்டாள். புதிய இறக்கையை இரு பக்கமும் முக்கால் சாண் நீட்டினாள். பலம் தேவைப்படாத இடங்களில் ஈரத்துணியால் ஒற்றி உள்தாளை உரித்து எடை குறைத்தாள். பெரிய விசிறி ஒன்றை ஆக்னல் கூரியரில் அனுப்பினான். ஒரு பக்கம் சரிந்தாலும் தானே நிமிரட்டும் என்று இறக்கையின் இரு நுனிகளையும் முன்பைவிடக் கொஞ்சம் மேலே தூக்கி ஒட்டினாள். வானத்தில் தெரியட்டும் என்று அடியில் மஞ்சள் டேப் ஒட்டினாள்.

பிப்ரவரி மாத இரண்டாவது ஞாயிறு. அருள்மணி தள்ளிவிட்டதுதான் தாமதம், விமானம் அவன் கையை விட்டு ஏணியில் ஏறுவது போல ஏறியது. தென்னை உயரம், இரண்டு தென்னை உயரம். அருள்மணி வாயைத் திறந்தபடி நின்றான். அனிட்டா அண்ணாந்து பார்த்தபடியே அதைத் திருப்பினாள்.

ஒரு வட்டம் சுற்றித் திரும்பி அவளை நோக்கி வந்தபோதுதான் சிக்கல். எதிரே வரும் விமானத்துக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும் என்பது அவள் கைக்குத் தெரியாது. இடது பக்கம் திருப்ப நினைத்தாள், அது எதிர்ப்பக்கம் சரிந்தது. பதறி இன்னும் அழுத்தினாள், இன்னும் சரிந்தது. அதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. மஞ்சள் வயிறு சின்னதாகி, பைன் மரங்களைத் தாண்டி, வில்பட்டிக் காடுகரைகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மோட்டார நிப்பாட்டு" என்றான் அருள்மணி.

நிறுத்தினாள். விமானம் மெல்ல இறங்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அந்தச் சரிவு முழுக்க ஆட்கள் வேலை செய்யும் தோட்டங்கள். கீழே ரோடு. பஸ் வரும் நேரம்.

ஜீப்பில் சரிவில் இறங்கும்போது அருள்மணி ரோட்டையே பார்த்து ஓட்டினான். அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். "கூராத்தான் இருக்கும்ங்க அந்த விசிறி. யார் மேலயாவது விழுந்திருந்தா? மாதாவே, ஒரு புள்ள குட்டி மேல..."

"நிறுத்திட்டேல்ல. சுத்தாது. மெதுவாப் பாரு, அந்தா மஞ்சளாத் தெரியுது."

பீன்ஸ் தோட்டத்தின் ஓரத்தில், கொடி படர்ந்த குச்சிகளில் மூக்கைச் செருகிக்கொண்டு விமானம் நின்றது. அதற்கு நான்கடி தள்ளி, வரப்பின்மேல் ஒரு பெண் கிடந்தாள். முகத்தின்மேல் சாக்கு. அசைவில்லை.

அனிட்டா ஜீப் நிற்பதற்கு முன்பே குதித்தாள். வாய்க்காலில் ஒரு செருப்பு போனது. "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டே போய் மண்டியிட்டாள். சாக்கை விலக்கக் கையை நீட்டினாள்.

சாக்கு தானாக விலகியது. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு தாயி நீயி? எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

"ஒங்களுக்கு அடிகிடி படலயேக்கா?"

"அடியா? வெள்ளனே எந்திரிச்சுத் தண்ணி பாச்சிட்டுச் செத்த கண்ணசந்தேன். இந்தப் பாப்பம்மா தூங்குனா ஊருக்கே தெரியும், இடி இடிச்சாலும் எந்திரிக்க மாட்டா." அப்போதுதான் அவள் கண் குச்சிகளின் பக்கம் போனது. எழுந்து உட்கார்ந்து, கொண்டையை முடிந்துகொண்டே பார்த்தாள். "இது என்னத்தா, எங்க இருந்து வந்துச்சு?"

அனிட்டா வரப்பில் அப்படியே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருள்மணி ஓடிவந்தான். அழுதாள்தான், ஆனால் சிரிப்பும் சேர்ந்தே வந்தது, எது எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இனிமே இந்தச் சோலியே வேணாங்க" என்றாள் கணவனிடம்.

பாப்பம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். விமானத்தைக் குச்சியிலிருந்து பிடுங்கி, குழந்தையைத் தருவது போல இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தாள். "நாலு கொடி ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். செஞ்சது நீயா? அட்டைதான இது? எம்புட்டு லேசா இருக்கு." பிறகு, "ஆளு இல்லாத எடமாப் பாத்து விடு. அந்தா, மேக்கால தரிசு கெடக்கு பாரு, எங்க மச்சான் காடுதான். ஒருத்தரும் வர மாட்டாக" என்றாள்.

விசிறியின் ஒரு நுனி மட்டும்தான் உடைந்திருந்தது.

அடுத்த மூன்று வாரம் அனிட்டா விமானத்தைப் பறக்கவிடவில்லை. அதற்குள் உடைந்ததற்குப் பதிலாக வேறொரு விசிறியை ஆக்னல் அனுப்பினான். வாலைத் திருப்பும் கம்பியைக் குட்டி மோட்டாருக்கு நெருக்கமான துளைக்கு மாற்றினாள், அப்போதுதான் எவ்வளவு அழுத்தினாலும் வால் கொஞ்சமாகத் திரும்பும். மாலையில் முற்றத்தில் நின்று விமானம் எதிரே வருவதாக நினைத்துக்கொண்டு வெறும் ரிமோட்டில் விரலைப் பழக்கினாள். எதிரே வரும்போது எந்தப் பக்கம் இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் போதும் என்று அவளே கண்டுபிடித்தாள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது போல.

மார்ச்சில் ஒரு காற்றில்லாத காலை, மேற்குத் தரிசில் அது ஏறியது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். எதிரே வந்தது, லேசாகச் சரிந்தது, அவள் விரல் சரியான பக்கம் போனது. ஆறு நிமிடம் பறக்கவிட்டு மோட்டாரைக் குறைத்தாள். சருகு இறங்குவது போல இறங்கி, புல்லில் கொஞ்சதூரம் வழுக்கி, அவள் காலுக்கு ஐந்தடி முன்னால் நின்றது.

அவள் ரிமோட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். அருள்மணி அருகில் வந்து, "எறங்கிருச்சு" என்றான்.

"ம், எறங்கிருச்சு" என்றாள் அவள். இரண்டு கைகளையும் உதறிவிட்டுக்கொண்டு புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.